உணவு மேசையில் தமிழுக்கு இருக்கை இல்லையா?



"தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று பதாகை பிடிக்கிறோம். தமிழ் வாழ்க என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஜொகூர் பாருவின் பேரங்காடி ஒன்றில், இத்தாலியக் கடலுணவு உணவகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்த மறுகணமே, நம் குடும்பங்களுள் பல தமிழை வாசலில் நிறுத்திவிடுகின்றன. வண்டி நிறுத்துமிடம் வரையில் "அப்பா, பசிக்குது" என்று சொல்லி வந்த பிள்ளை, உணவுப் பட்டியலைக் கையில் வாங்கியதும் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. தந்தை முன்பே மாறிவிட்டார், தாயும் மாறிவிட்டார். தமிழ் மட்டுமே இயல்பாக வரும் பாட்டி, மேசையின் ஓரத்தில் வாய் மூடி அமர்ந்திருக்கிறார்.

இக்காட்சியைக் காணாத ஆசிரியர் நம்மில் யாரேனும் உண்டா? இது சிறிய செய்தி என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு மொழி முதலில் சாவது உணவு மேசையில்தான் என்பது என் உறுதியான கருத்து.

குற்றம் உணவின்மேல் இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய உணவை நான் எதிர்க்கவில்லை. 'இட்டலி இருக்க இத்தாலி எதற்கு?' என்று அடுக்குமொழி பேசுவோர் கூட்டத்திலும் நான் சேர்ந்தவன் அல்லன். பிள்ளைகளோடு வெளியே சென்று நல்ல உணவு உண்பது நல்ல பழக்கமே. தோட்டப்புறத்தில் கருவாடும் குழம்பும் உண்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று விரும்பியதை உண்ண முடிகிறது என்றால், அது நம் உழைப்பின் பயன்.

'திரட்டோரியா' என்பது இத்தாலியில் பெரும்பாலும் ஒரு குடும்பத்தார் தாமே நடத்தும் எளிய உணவகத்தைக் குறிக்கும் பெயர். பகட்டான விருந்தகம் அன்று அது. தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரே மேசையில் அமர்ந்து, உரக்கப் பேசி, பகிர்ந்து உண்ணும் இடம். அதாவது, அந்த இடத்தின் உயிரே குடும்பப் பேச்சுதான். அந்தப் பெயரைத் தாங்கிய உணவகத்தில் போய் அமர்ந்துகொண்டு, குடும்பத்தின் மொழியை நாம் அடக்கி வைக்கிறோம்!

கடலுணவும் நமக்குப் புதிதன்று. மேற்கே குக்குப்பில் நீர்மேல் நிற்கும் உணவகங்கள், கிழக்கே மெர்சிங் மீன்பிடித் துறை, மாசாய்க்கு அப்பால் கோங் கோங் என மூன்று பக்கமும் கடல்நீர் சூழ்ந்த மாநிலம் நம்முடையது. இத்தாலிய உணவகத்தார் தட்டில் வைத்துத் தரும் இறாலும் நண்டும் கணவாயும் நாம் சந்தையில் நாள்தோறும் காண்பவையே.

லக்சா ஜொகூர் கற்பிக்கும் பாடம்

இத்தாலியும் கடலுணவும் ஒரே தட்டில் சந்திப்பது ஜொகூரில் நேற்று நடந்த புதுமையன்று. லக்சா ஜொகூரை நினைத்துப் பாருங்கள். மற்ற மாநிலத்து லக்சாக்களில் அரிசி மாவு இழைகள் இருக்கும். நம் ஜொகூர் லக்சாவில் இருப்பது ஸ்பாகெட்டி! 1862 முதல் 1895 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் அபு பக்கார் ஐரோப்பியப் பயணத்தின்போது இத்தாலிய உணவைச் சுவைத்து விரும்பியதால் இவ்வழக்கம் தோன்றியது என்பது வாய்மொழியாக வழங்கிவரும் செய்தி.

அந்த ஸ்பாகெட்டியின்மேல் ஊற்றப்படுவது எது? பாராங் மீனை வேகவைத்து, சதையை அரைத்து, தேங்காய்ப் பாலும் மசாலையும் வறுத்தரைத்த தேங்காயும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பு. மேலே வெள்ளரி, வெங்காயம், முளைப்பயறு, கெசும் இலை, சம்பல், பிழிந்த எலுமிச்சைச் சாறு. அதை மரபுப்படி கையால் எடுத்து உண்பார்கள். முள்கரண்டிக்கு அங்கு வேலையில்லை.

மலாய்க்காரர்கள் இத்தாலியப் பண்டத்தை ஏற்றனர். ஆனால், அதற்காகத் தம் மீனின் பெயரை மாற்றவில்லை. தம் கையை விடவில்லை. தம் மொழியையும் விடவில்லை. அயல்நாட்டுப் பொருளைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து, தம் முறைப்படி அமரவைத்தனர். நாமோ அயல்நாட்டுப் பண்டத்தைக் கண்டவுடன் நம் வீட்டையே காலி செய்துவிட்டு வெளியே போகிறோம்.

ஓர் உயிர், மூன்று பெயர்கள்

வளையம் வளையமாகப் பொரித்து, எலுமிச்சைத் துண்டோடு ஒரு தட்டு வருகிறது. பிள்ளை அதைக் 'கலமாரி' என்கிறது. தாய் 'சோத்தோங்' என்கிறார். பாட்டி மட்டும், யாரும் கேட்காத குரலில், 'கணவாய்' என்கிறார். மேசையில் இருப்பது ஓர் உயிர், பெயர்கள் மூன்று. இவற்றுள் எந்தப் பெயர் அந்தப் பிள்ளையின் பிள்ளைக்குப் போய்ச் சேரும்? பாட்டியின் சொல் பாட்டியோடு போய்விடும் என்பதைச் சொல்ல ஆரூடம் தேவையில்லை.

தமிழில் கணவாய் என்பதோடு முடிந்துவிடவுமில்லை. ஓடுள்ளது ஓட்டுக்கணவாய், நீண்டு மெலிந்தது ஊசிக்கணவாய். 'கலமாரி' என்னும் சொல்லுக்கோ மைக்கூட்டோடு தொடர்புடைய இலத்தீன் வேர். அந்த உயிர் மை கக்குவதால் அப்பெயர் பொருந்திவந்தது. பிள்ளையிடம் சொல்ல எத்தனை சுவையான செய்திகள்! இவையெல்லாம் அந்த மேசையில் பேசப்படாமலே கட்டணம் செலுத்தப்படுகிறது.

பட்டியலில் 'சீ பாஸ்' என்றிருப்பது நம் நாட்டு உணவகங்களில் பெரும்பாலும் சியாக்காப் மீன்தான். தமிழில் அது கொடுவா. தெங்கிரி என்பது வஞ்சிரம். பாவால் என்பது வாவல். பாரி என்பது திருக்கை. கெராப்பு என்பது களவா. லக்சாவில் சேரும் பாராங் என்பது முள்ளுவாளை. கெம்போங் என்பது கானாங்கெளுத்தி. அதற்கு அயிலை என்ற பெயரும் உண்டு. அயிலை மீனைப் புளியிட்டுச் சமைத்த சோறு அகநானூற்றில் பேசப்படுகிறது. கேரளத்து மீன் சந்தையில் இன்றும் அப்பெயரே வழங்குகிறது. ஈராயிரம் ஆண்டு பழமையுடைய ஒரு பெயர் மலையாளிகளின் வாயில் வாழ்கிறது; ஜொகூர்த் தமிழ்ப் பிள்ளையின் வாயில் இல்லை. நெத்திலி மட்டும் எப்படியோ நம்மிடம் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதற்குக் காரணம் எந்தப் பாடநூலும் இல்லை. அம்மாக்கள் சமையலறையில் விடாமல் சொல்லி வருவதுதான்.

அடுக்கடுக்கான சாக்குகள்

இதைச் சொன்னால் பெற்றோர் சிலர் உடனே சாக்குகளை அடுக்குவர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: "பரிமாறுபவருக்குத் தமிழ் தெரியாதே!" உண்மை. அவரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லுங்கள், அதுதான் பண்பு. ஆனால், உங்கள் எதிரே அமர்ந்திருப்பது பரிமாறுபவர் அல்லர். நீங்கள் பெற்ற பிள்ளை. பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பத்தைக் கவனியுங்கள். பணியாளரிடம் மலாயில் சொல்லிவிட்டு, அடுத்த நொடியே பிள்ளையிடம் மாண்டரினிலோ தியோச்சூவிலோ பேசுவார்கள். யாரும் அவர்களை நாகரிகமற்றவர் என்று எண்ணுவதில்லை. அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இரண்டு: "இந்த உணவுகளுக்கெல்லாம் தமிழில் சொல் இல்லையே!" இல்லாவிட்டால் என்ன? ஸ்பாகெட்டி என்பது ஆங்கிலச் சொல் அன்று, இத்தாலியச் சொல். 'சிறு கயிறுகள்' என்பது அதன் பொருள். 'லிங்குவினே' என்றால் சிறு நாக்குகள். ஆங்கிலேயர் அச்சொற்களை அப்படியே கடன் வாங்கித் தம் மொழியில் வைத்துக்கொண்டனர். அதற்காக ஆங்கிலம் பேசுவதை அவர்கள் நிறுத்திவிடவில்லை. "எனக்கு ஸ்பாகெட்டி வேண்டும்" என்பது தமிழ் வாக்கியமே. தட்டின் பெயர் இத்தாலியமாக இருக்கட்டும். தட்டைச் சுற்றி நடக்கும் பேச்சு தமிழாக இருக்கட்டும். மலாயர் நம்மிடமிருந்து 'கெடாய்', 'காரி', 'அப்பம்' ஆகியவற்றைப் பெற்றனர். அதனால் மலாய்மொழி தேய்ந்தா போயிற்று?

மூன்று: "ஆங்கிலம்தானே பிள்ளையின் எதிர்காலம்!" பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. பள்ளியில் ஆங்கிலப் பாடம் உண்டு. தொலைக்காட்சியும் கைப்பேசியும் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசுகின்றன. ஆங்கிலத்துக்கு ஆயிரம் வாயில்கள். தமிழுக்கோ வீட்டார் வாயைவிட்டால் வேறு வாயில் இல்லை. மேலும், உணவு வரவழைப்பதற்குத் தேவையான இருபது ஆங்கிலத் தொடர்களால் எந்தப் பிள்ளையும் ஆங்கிலப் புலமை பெற்றதில்லை. ஆனால், அந்த ஒரு மணி நேர மௌனத்தால் தமிழ் இழப்பது மிகுதி.

நான்கு: "சாப்பாடுதானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" குழந்தை முதன்முதலில் கற்ற சொற்களை எண்ணிப் பாருங்கள். அம்மா, பால், மம்மம். உணவின் வழியாகத்தான் தமிழ் அதன் நாவில் ஏறியது. அதே வழியாகத்தான் இறங்கிப் போகிறது.

நீரிணைக்கு அப்பால் நடப்பது

நான் மிகைப்படுத்துவதாக எண்ணுவோர், பாலத்தின் மறுமுனையைப் பார்க்கட்டும். நம் பெற்றோர் பலர் நாள்தோறும் வேலைக்குச் சென்று வரும் சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. 1935இல் தோன்றிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. வானொலி உண்டு, தொலைக்காட்சி உண்டு. அரசு இதற்குமேல் என்ன செய்ய இயலும்?

எனினும், அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்வது என்ன? ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளர்களுள், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டுகளில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இந்தியர்களின் பங்கு அங்கே பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஏறத்தாழ 9 விழுக்காடாகவே இருந்தது. ஆட்கள் இருக்கின்றனர், வீட்டுப் பேச்சில் மொழிதான் குறைந்தது. சட்டத்திலும் பள்ளியிலும் இடம்பெற்ற ஒரு மொழி, வீட்டில் இடமிழந்து வருகிறது. தமிழ்ப்பள்ளி இருக்கிறதே என்று மார்தட்டும் நமக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுமா? பள்ளி ஒரு மொழியைக் கற்பிக்கும். அதை வாழவைக்கும் வேலையைப் பள்ளியின் தலையில் மட்டும் சுமத்த முடியாது.

இத்தாலியரிடம் கற்க வேண்டியது

இத்தாலிய உணவைத்தான் உண்கிறோம். இத்தாலியரின் மொழிப்பற்றையும் சிறிது உண்போமே! 1861இல் இத்தாலி ஒரே நாடாக ஒன்றிணைந்தபோது, அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் தத்தம் வட்டார மொழிகளையே பேசினர். பொது இத்தாலிய மொழி கற்றோர் சிலரின் உடைமையாக இருந்தது. அது வீடுகளுக்குள் புகுந்த வழிகளுள் ஒன்று சமையல் நூல் என்றால் நம்புவீர்களா? பெல்லெகிரீனோ அர்த்தூசி என்னும் வணிகர், 1891இல் ஃபுளோரன்சு நகரில் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். முதற்பதிப்பில் 475 சமையற் குறிப்புகள். இறுதியில் அவை 790 ஆகப் பெருகின. வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட சமையற் சொற்களுக்கிடையே, எல்லார்க்கும் விளங்கும் இத்தாலியத்தில் அவர் எழுதினார். நாட்டின் மொழியை ஒன்றுபடுத்தியதில் அந்நூலுக்கும் பெரும்பங்கு உண்டென அந்நாட்டு அறிஞர்கள் மதிக்கின்றனர். பள்ளியும் இலக்கியமும் எட்டாத சமையலறைக்குள், குழம்புச் சட்டியின் அருகில் அமர்ந்து மொழி வளர்ந்தது.

இன்னோர் இத்தாலியரையும் நாம் மறந்துவிடலாகாது. 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதை எட்டிய பிறகே தமிழகம் வந்து தமிழ் கற்றவர் கான்ஸ்டான்டைன் பெஸ்கி. நாம் வீரமாமுனிவர் என்று போற்றுபவர். எ, ஏ, ஒ, ஓ ஆகியவற்றின் வரிவடிவ வேறுபாட்டைச் சீர்செய்தவர். 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாகச் சதுரகராதியைத் தொகுத்தவர். ஓர் இத்தாலியர் தமிழ்ச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். நாமோ இத்தாலிய உணவகத்தில் அமர்ந்து அச்சொற்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு எழுகிறோம். வீரமாமுனிவருக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுதானா?

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்

பெற்றோரை மட்டும் சாடிவிட்டு ஆசிரியர் சமூகத்தை விட்டுவிடுவது அறமாகாது. உணவு என்ற தலைப்பில் நம்மில் சிலர் எதைக் கற்பிக்கின்றனர்? 'நான் உணவகத்திற்குச் சென்ற அனுபவம்' என்று ஒரு கட்டுரை. "வாயில் எச்சில் ஊறியது", "வயிறார உண்டோம்", "மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்" என்று முன்பே எழுதித் தந்த தொடர்கள். முப்பது மாணவரும் ஒரே உணவகத்திற்குச் சென்று ஒரே எச்சிலை விழுங்கியதுபோல் எழுதித் தருவர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது; மனனக் கட்டுரையை மட்டும் நம்மில் சிலர் இன்னும் அகற்றவில்லை.

இன்னொரு சாரார், ஸ்பாகெட்டிக்கும் பீட்சாவுக்கும் புதுத் தமிழ்ச் சொல் ஆக்குவதிலேயே காலங்கழிக்கின்றனர். கலைச்சொல்லாக்கம் தேவையானதுதான். ஆனால், இருக்கிற வஞ்சிரமும் கொடுவாவும் மறைந்துகொண்டிருக்கும்போது, இல்லாத சொல்லுக்குப் பட்டறை போடுவது எவ்வகை அறிவுடைமை? கூரை ஒழுகும் வீட்டில் கோலம் போடுவதற்கு நிகரானது அது.

கலைத்திட்டத்தில் கேட்டல், பேச்சுத் திறன்களுக்கு உரிய இடம் உண்டு. அதை உணவு மேசைவரை நீட்டுவது நம் கையில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபிரை' என்ற ஒரே சொல் செய்யும் வேலையைத் தமிழில் பொரித்தல், வறுத்தல், வதக்கல் எனப் பல சொற்கள் பகிர்ந்து செய்கின்றன. கணவாய் வளையத்தைப் பொரிப்பர்; பூண்டை வதக்குவர்; தேங்காய்த் துருவலை வறுப்பர். உண்ணும் முறையிலும் அப்படியே. கணவாயை மெல்லுகிறோம், மட்டியின் சாற்றை உறிஞ்சுகிறோம், மொறுமொறுப்பான ரொட்டியைக் கடிக்கிறோம், பழச்சாற்றைப் பருகுகிறோம். ஒரேயோர் இத்தாலியக் கடலுணவுத் தட்டு, வினைச்சொல் பாடம் முழுவதையும் ஏந்தி வருகிறது. கரும்பலகையில் நூறு முறை எழுதியும் பதியாத சொல், நாவில் சுவையோடு சேர்ந்து பதிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

குறை கூறிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆகவே, நடைமுறைக்கு ஏற்ற சிலவற்றை முன்வைக்கிறேன்.

• உணவுப் பட்டியலைப் பிள்ளையிடம் கொடுங்கள். எழுதியிருப்பதை எம்மொழியிலும் வாசிக்கட்டும். அது என்ன உணவு என்று பாட்டிக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வாசிப்பும் மொழிபெயர்ப்பும் பேச்சும் ஒருசேர நடக்கும். பாட்டியும் உரையாடலுக்குள் வந்துவிடுவார்.

• தட்டு வந்ததும், "இது எந்த மீன்? தமிழில் என்ன பெயர்?" என்று கேளுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் வெட்கம் வேண்டா. வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

• "நன்றாக இருக்கிறது" என்பதோடு விட்டுவிடாதீர்கள். புளிப்பா, உவர்ப்பா, கார்ப்பா, துவர்ப்பா என்று கேளுங்கள். அறுசுவையும் சொல்லத் தெரிந்த பிள்ளை, தன் மனத்தில் உள்ளதையும் நுட்பமாகச் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

• ஆசிரியர்கள், பள்ளிக்கு அருகிலுள்ள மீன் சந்தைக்கு மாணவரை ஒருநாள் அழைத்துச் செல்லலாம். மீனின் படம், தமிழ்ப்பெயர், மலாய்ப்பெயர் ஆகியவற்றை மாணவரே தொகுத்து ஒரு சிறு அகராதி செய்யட்டும். வீரமாமுனிவர் வழியில் அது நம் பிள்ளைகளின் சதுரகராதியாக அமையும்.

• பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கட்டடமும் நிதியும் மட்டும் பேசாமல், 'வெளியில் உண்ணும்போதும் தமிழ்' என்பதை ஒரு பேசுபொருளாக வையுங்கள்.

இவற்றுள் எதற்கும் அரசு மானியம் தேவையில்லை. மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. தேவைப்படுவது ஒன்றே: பிறர் காதில் விழும்படி, பொது இடத்தில், தம் பிள்ளையிடம் தமிழில் பேசுவதற்குக் கூசாத மனம்.

நாம் கூசிக் குறுகுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. "இந்த மொழி வீட்டுக்கும் கோவிலுக்கும் மட்டுமே, நல்ல உடை உடுத்திச் செல்லும் இடத்துக்கு ஆகாது" என்ற பாடத்தை நாம் வாய் திறந்து சொல்லாமலே அது கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைக் கற்ற பிள்ளை, நாளை தன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் என்று எதிர்பார்ப்பது பேதைமை அல்லவா? ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் வகுப்பறைகள் இருபது ஆண்டுகளுக்குப் பின் நிறையுமா வெறிச்சோடுமா என்பதைப் பதாகைகளைவிட நம் உணவு மேசைகளே முடிவுசெய்யும்.

எனவே, அடுத்த வாரமும் இத்தாலிய உணவகத்துக்குச் செல்லுங்கள். கணவாய் வளையமும் மட்டி சேர்த்த ஸ்பாகெட்டியும் வரவழைத்து வயிறார உண்ணுங்கள். மேசைக்கு எத்தனை பேர் என்று வாசலில் கேட்பார்கள். எண்ணிச் சொல்லும்போது தமிழையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!